பேரு வைக்கதுக்கு முன்ன ஆச்சிகிட்ட ஒரு வார்த்த கேளுங்க

பாளையங்கோட்டையில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கிற வேலையும் உண்டு. பாஸ்போர்ட், பான் கார்டு, ஸ்காலர்ஷிப், காலேஜ் அட்மிஷன்னு என்ன வந்தாலும் கடைசியில நான் டைப் பண்றது மனுசங்க பேரத்தான். சில பாரத்துல தாத்தா, அப்பா, புள்ளைன்னு மூணு தலைமுறை பேரும் ஒண்ணா வந்து நிக்கும். தாத்தா சுடலைமாடன், அப்பா சுடலைமுத்து, பையன் சுதர்சன். இல்லன்னா ஆச்சி ஆவுடையம்மாள், அம்மா கோமதி, பொண்ணு ரித்திகா. இப்படி வருசக்கணக்கா பாத்துப் பாத்து எனக்குப் பேருன்னாலே ஒரு கிறுக்கு புடிச்சிருச்சு, யாரு வந்தாலும் "இது எந்தக் கோயில் பேரு, யாரு வச்சா"ன்னு கேட்ருவேன். முக்காவாசிப் பேரு சந்தோசமா சொல்லுவாவ. சிறுசுங்க மட்டும் தெரியாதும்பாங்க, அது தான் எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும், அதனால தான் இத எழுதுதேன்.

கோமதியில இருந்தே ஆரம்பிக்கேன். ஒரு காலேஜ் பொண்ணு வந்தா, பேரு ஆவுடையம்மாள், ஆச்சி பேர அப்படியே வச்சிருக்காவ. கிளாஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுதாங்க, பேர மாத்தணும், கெஜட்டுக்கு என்ன பண்ணனும்க்கா அப்டின்னா. நான் பாரத்த எடுக்கதுக்கு முன்னாடி அவகிட்ட ஒண்ணு சொன்னேன். ஆவுடைன்னா ஆ உடையவ, ஆன்னா பசு. சங்கரன்கோவில் அம்மனுக்குத் தமிழ்ல ஆவுடையம்மன், வடமொழியில கோமதி. "கோ"ன்னா பசு, "மதி"ன்னா உடையவ. அம்மன் தவம் இருக்க வந்தப்ப தேவர்கள் எல்லாம் பசுவா கூடவே வந்தாங்கன்னு தல புராணம் சொல்லுது, ஆடித்தபசு அன்னைக்கு அந்தத் தவத்துக்குத் தான் அம்புட்டு கூட்டம் கூடுது. ஆக உன் பேரும் கோமதியும் ஒரே பேரு தான் தாயி, ஒண்ணு இங்கிட்டு இருந்து சொல்றது இன்னொண்ணு அங்கிட்டு இருந்து சொல்றதுன்னு. அவ அம்மா பேரு கோமதி! அவளுக்கே அப்ப தான் அது உறைச்சுது. ஆனா அவ பேர மாத்தாம விட்ரல, ஒரு மாசம் கழிச்சு அப்பாவோட வந்து மாத்திட்டு தான் போனா. அது அவ இஷ்டம், தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு மாத்தினா பாருங்க, அது போதும் எனக்கு.

இந்த "மதி" விசயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நெல்லையில காந்திமதி இல்லாத தெரு கிடையாது. காந்தின்னா ஒளி, மதின்னா நிலா, நிலாவொளி போல இருக்கவன்னு நெறைய பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க மதி நிலா இல்ல, கோமதியில இருக்க அதே மதி தான், உடையவன்னு அர்த்தம். வசுமதின்னா செல்வம் உடையவ, பானுமதின்னா கதிர் உடையவ, காந்திமதின்னா ஒளி உடையவ, அழகு உடையவ. அதனால தான் நம்ம டவுன் நெல்லையப்பர் கோயில் காந்திமதி அம்மனுக்குத் தமிழ்ல வடிவுடையம்மைன்னு பேரு. வடிவு, வடிவம்மாள், சண்முகவடிவுன்னு நம்ம ஊரு ஆச்சிமார் பேர்ல வர்ற வடிவு எல்லாம் அந்த அழகு தான். வடிவுன்னு பேர் இருக்க ஒரு டீச்சர் என்கிட்ட இது ஷேப்புன்னு அர்த்தம் வர்ற பேருன்னு புள்ளைங்க சிரிக்கும்னு சொன்னாவ, எனக்கு அப்படியே பொங்கிட்டு வந்துச்சு. காந்திமதியத் தமிழ்ல சொன்னா வடிவு, இத விட நெல்லைக்குச் சொந்தமான பேரு எங்க இருக்கு.

கோயில் பேருங்க இன்னும் கொஞ்சம் சொல்லிட்டுப் போயிருதேன். நெல்லையப்பன், நெல்லைநாயகம்லாம் எல்லாருக்கும் தெரியும், வேதசர்மாங்கிற பக்தர் காயப் போட்ட நெல்ல மழையில நனையாம சிவன் வேலி கட்டிக் காத்த கதை. அதே சாமிக்கு வேணுவனநாதர்னும் பேரு, வேணுன்னா மூங்கில், ஊரே ஒரு காலத்துல மூங்கில் காடு. பாபநாசம், தென்காசி பக்கம் போனா உலகம்மாள், உலகநாதன், குற்றாலத்துக்குப் பக்கம் குற்றாலலிங்கம், ரொம்ப அருமையா எங்கயாவது ஒரு குழல்வாய்மொழி. நாங்குநேரிக்காரங்க வானமாமலை, தாமிரபரணி கரையோட கீழ போனா ஸ்ரீவைகுண்டத்துல கள்ளபிரான், தென்திருப்பேரையில குழைக்காதர், ஆழ்வார்திருநகரியில சடகோபன். கள்ளபிரான்னு பேரு இருக்க ஒரு தம்பிய சென்னையில வேல பாக்க இடத்துல "என்னடா கள்ளன்னு பேர் வச்சிருக்காங்க"ன்னு கேட்டாங்களாம். திருடனுக்காக அவன் உருவத்துலயே அரண்மனைக்குப் போய் நின்ன பெருமாள் அவரு, அந்தக் கதையச் சொன்னா கேக்கவன் வாயப் பொளந்துருவான். கதை தெரியலன்னா கூனிக் குறுகி நிக்க வேண்டியது தான்.

பேரோட வால் பகுதிய வச்சே ஊரச் சொல்லிரலாம்னு எங்க கடைக்கு வர்ற ஒரு பெரியவர் சொல்லுவாவ, அது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு. முத்துவும் பாண்டியும் எல்லாப் பக்கமும் உண்டு, கனி, பழம்னு முடிஞ்சா, அதாவது செந்தூர்க்கனி, தங்கப்பழம்னு வந்தா திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கமான்னு கேட்ரலாம். நயினார்னு வந்தா நெல்லை டவுன். நெல்லையப்பர் கோயில் உள்ளயே ஆறுமுகநயினார் சன்னதி இருக்குல்லா.

அடுத்து சுடலை. இத எப்படி எழுதுறதுன்னு ரொம்ப யோசிச்சேன், ஏன்னா அதிகமா மறைக்கப்படுற பேரு இது தான். சுடலைன்னா சுடுகாடு. மாசானம்னாலும் அதே அர்த்தம் தான், மசானம்ங்கிற சொல்லுல இருந்து வந்தது. பெத்த புள்ளைக்கு யாராச்சும் சுடுகாடுன்னு பேரு வைப்பாங்களான்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. எல்லாரும் பயப்படுற இடத்துல காவல் நிக்கவரு சுடலைமாடன், அவரு பேர வச்ச புள்ளைய எந்தக் காத்து கருப்பும் அண்டாதுன்னு நம்பி வச்ச பேரு அது. எங்க பெரியப்பா பேரு சுடலைமுத்து. மிலிட்டரியில இருந்தாவ, அங்க கூட பேரச் சுருக்காம முழுசாத்தான் சொல்லுவாவளாம், அர்த்தம் கேட்டா "பயமில்லாதவன்"னு சொல்லுவேன்னு பெரியப்பா சொல்லும்போது எங்களுக்கெல்லாம் பெருமையா இருக்கும். டிக்‌ஷனரி அர்த்தம் ஒண்ணு, வச்சவங்க மனசுல இருந்த அர்த்தம் ஒண்ணு, ரெண்டாவது தான் பெருசுன்னு எனக்குப் புரிஞ்சது அவாளால தான். பலவேசம், பேச்சிமுத்து, வண்டிமலையான், முப்பிடாதின்னு அந்த வரிசையில எத்தனையோ பேரு இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு பீடத்துப் பேரு, கொடைத் திருவிழா நடக்குற கோயில்ல போய் நின்னீங்கன்னா வில்லுப்பாட்டுக்காரங்க ராத்திரி பூரா அந்தக் கதையத் தான் பாடுவாங்க.

இசக்கிய மட்டும் தனியாச் சொல்லியே ஆகணும். இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிபாண்டின்னு ஆணுக்கும் பொண்ணுக்கும் பொதுவா வர்ற பேரு. இயக்கிங்கிற சொல்லு தான் பேச்சுல இசக்கி ஆச்சு, வடமொழியில யட்சி. சமணம் இந்தப் பக்கம் செழிப்பா இருந்த காலத்துல யட்சி வழிபாடு உண்டு, கழுகுமலைக்குப் போனா பாறையில செதுக்கி வச்சிருக்கத இன்னைக்கும் பாக்கலாம். சிலப்பதிகாரத்துல மதுரைக்கு வெளிய மாதரிங்கிற ஆய்ச்சி பால்மடை, அதாவது பால் படையல், குடுத்துட்டு வருவாளே, அது பூங்கண் இயக்கிக்கு. அவ்ளோ பழைய பேரு அது. அந்தப் பேர வச்சுக்கிட்டு ஒரு புள்ள என் கடையில "அக்கா, ஐஸ்வர்யான்னு மாத்த முடியுமா"ன்னு கேக்கும்போது நான் வேற என்ன செய்ய, சிலப்பதிகாரக் கதையத் தான் சொல்லுவேன். உச்சினிமாகாளியும் அப்படித்தான், உஜ்ஜயினி மாகாளி நடந்து நடந்து நம்ம ஊருக்கு வந்து உச்சிமாளின்னு ஆயிட்டா.

இதெல்லாம் ஆயிரம் ரெண்டாயிரம் வருசக் கதைன்னா, நூத்திச்சொச்சம் வருசத்துக்குள்ள பொறந்த பேருங்களும் நம்மகிட்ட இருக்கு. சேர்மதுரை, சேர்மக்கனி, சேர்மராஜ்னு பாத்துருப்பீங்க. ஏரல்ல சேர்மனா இருந்தவரு அருணாசல சுவாமி, 1908ல ஆடி அமாவாசை அன்னைக்கு சமாதி ஆனாவ, இன்னைக்கும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அங்க தாமிரபரணி கரையில நிக்க இடம் கிடைக்காது. ஒரு பதவியோட இங்கிலீஷ் பேரு அப்படியே சாமி பேராகி, புள்ளைங்க பேராவும் ஆயிட்டுது. ஐகோர்ட் துரை, ஐகோர்ட் ராஜான்னு யாரையாவது பாத்தா சிரிக்காதீங்க, ஆறுமுகமங்கலம் ஐகோர்ட் மகாராஜா கோயிலுக்கு நேந்துக்கிட்டு வச்ச பேரு அது. ஓட்டப்பிடாரம் வ.உ.சி. ஐயா என்ன பண்ணாவ தெரியுமா? ஜெயிலுக்குப் போனதால பறிபோன வக்கீல் சன்னத திரும்ப வாங்கிக் குடுத்த ஜட்ஜ் பேரு வாலஸ், அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன்னு பேரு வச்சாவ. வெள்ளைக்காரன எதுத்து செக்கிழுத்த மனுசன் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜுக்கு நன்றி சொல்ல அவரு பேர சாமி பேரு மாதிரி ஆக்கித் தன் வீட்டுல கூப்பிட்டுருக்காவ. இத முதல்ல படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிட்டு. வாலேசுவரன்னு எந்த ஆப்ல தேடினாலும் இந்த அர்த்தம் வராது.

எங்க ஆச்சி கதை சொல்லுதேன். அப்பாவப் பெத்த ஆச்சி, பேரு பிச்சம்மாள். சின்ன வயசுல எனக்கு அந்தப் பேரு புடிக்கவே செய்யாது, பிச்சை எடுக்க பேராட்டம் இருக்கேன்னு. அம்மா தான் ஒருநாள் சொன்னாவ. ஆச்சிக்கு முன்னாடி பொறந்த புள்ளைங்க ஒண்ணு கூட தங்கல, ஒண்ணு பின்னால ஒண்ணா போயிட்டு. ஆச்சி பொறந்ததும் ஒரு சொளவுல, அதாவது முறத்துல, போட்டுக் கொண்டுபோய் குப்பையில வச்சிட்டாவளாம், பக்கத்து வீட்டம்மா வந்து எடுத்துக்கிட்டுப் போவாவளாம், அப்புறம் பெத்தவ போய் தவிட்டக் குடுத்து அவாகிட்ட புள்ளைய பிச்சையா கேட்டு வாங்கிட்டு வரணும். எமன் வந்து பாத்தா இது அவ புள்ள இல்ல, குப்பையில கிடந்தது, பிச்சையா வந்ததுன்னு விட்டுட்டுப் போயிருவான்னு ஒரு நம்பிக்கை. பிச்சையா, பிச்சம்மாள், பிச்சைமுத்து, குப்பம்மாள், குப்புசாமி, தவுடு எல்லாம் அப்படி வந்த பேரு தான். மூக்காண்டி, மூக்கம்மாளும் அதே தான், முன்னாடி போன புள்ளைங்களுக்குப் பொறவு பொறந்ததுக்கு மூக்கு குத்தி அந்தப் பேர வச்சிருவாங்க. முஸ்லிம் வீடுகள்லயும் மைதீன் பிச்சை, பீர் பிச்சைன்னு உண்டு. தடுப்பூசி இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, கையில இருந்தது ஒரு பேரு மட்டும் தான், அத வச்சு சாவோட மல்லுக்கு நின்னுருக்காங்க நம்ம பூட்டிமாரு. வீட்டுல பிச்சைன்னோ குப்பைன்னோ ஒரு பேரு இருந்தா அதுக்கு முன்னாடி எத்தனை தொட்டில் காலியாச்சுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அந்தப் பேர மறுபடி சிரிச்சுக்கிட்டு சொல்ல உங்களுக்கு மனசு வராது.

கிறிஸ்தவங்க பேருல ஒரு அழகு இருக்கு, பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு அத சொல்லாம முடியாது. பழைய ஆளுங்க வெளிநாட்டுப் பேர அப்படியே எடுக்கல, அர்த்தத்த எடுத்துக்கிட்டாங்க. லாசருங்கிற பேருக்குக் கடவுள் உதவி செஞ்சாருன்னு அர்த்தம், அதத் தமிழ்ல தேவசகாயம்னு வச்சாங்க, 2022 மே மாசம் புனிதர் பட்டம் கிடைச்ச தேவசகாயம் பேரும் அது தான். பவுல்னா சின்னவன், அதான் சின்னப்பன். யோவான்னா கடவுளோட அருள், அதான் அருளப்பன். சந்தியாகு, சவேரி, அந்தோணி எல்லாம் போர்ச்சுக்கீசியர் காலத்துல கடல் வழியா வந்தது. தூத்துக்குடியில பனிமயம்னு பேர் இருக்கும், வெயில் கொளுத்துற ஊர்ல பனிக்கு என்ன வேலைன்னா, பனிமய மாதா கோயில் பேரு அது, ரோமாபுரியில பனி விழுந்த ஒரு புதுமையில இருந்து வந்தது. சீர்திருத்த சபைப் பக்கம் ஞானசிகாமணி, வேதமாணிக்கம், ஞானதீபம்னு அருமையான தமிழ்ப் பேருங்க, கூடவே ரேனியஸ், கால்டுவெல், போப்னு நம்ம பக்கம் வந்து வேலை செஞ்ச மிஷனரி ஐயாமார் பேரையும் சேத்து வச்சுக்குவாங்க. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் மைதீன்னா முகையதீன், மார்க்கத்துக்குப் புத்துயிர் குடுத்தவர்னு அர்த்தம், பொட்டல்புதூர் பள்ளிவாசல் முகையதீன் ஆண்டவருக்கு நேந்து வச்ச பேரு. அங்க இந்துக்களும் போவாங்க. ஒரு தடவை ஒரு அண்ணாச்சி வந்தாவ, நெத்தியில திருநீறு, பேரு மைதீன், புள்ளை இல்லாம இருந்து பொட்டல்புதூருக்கு நேந்து பொறந்தேன்மா அப்டின்னாவ. பாரத்துல மதம்ங்கிற கட்டத்தப் பாத்துட்டு ஒரு ஆபீஸ்ல தப்பா எழுதிருக்கீங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். நான் சாட்சிக்கு அவரு ஸ்கூல் சர்டிபிகேட்ட சேத்துக் குடுத்து அனுப்பி வச்சேன், வேல முடிஞ்சுது.

இனி எங்க வீட்டுக் கதை, இதுல தான் உங்களுக்குப் பிரயோஜனம் இருக்கு. தம்பிக்குச் சென்னையில வேலை, பொண்ணு பொறந்துச்சு, அஸ்த நட்சத்திரம். அஸ்தத்துக்கு எழுத்து பூ, ஷ, ண, ட. இதுல ண, ட ரெண்டும் தமிழ்ல பேருக்கு முதல்ல வராது, ஷ வடமொழி எழுத்து. (இந்த நட்சத்திர எழுத்து வரிசை வடமொழி எழுத்துக்கணக்குல வந்தது, திருவாதிரைக்கு ங கூட வரும், அதுல என்ன பேர் வைக்க முடியும். எழுத்து அமையலன்னு யாரும் மனசு சங்கடப்படாதீங்க.) தம்பி பொண்டாட்டி ஒரு ஆப்ல இருந்து ஷ வரிசையில நீளமா ஒரு லிஸ்ட் அனுப்பி, "மதினி, நீங்க அர்த்தம் பாத்துச் சொல்லுங்க"ன்னா. அந்த லிஸ்ட்ல பாதிப் பேருக்கு "லட்சுமி போன்றவள்", மீதிக்கு "அழகானவள்"னு போட்டிருந்துச்சு, எந்தச் சொல்லுல இருந்து வந்ததுன்னு ஒரு வரி கிடையாது. இப்படி இருந்தா நம்பாதீங்க. தமிழ்ச் சொல்லுன்னா சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்ல பாருங்க, வடமொழின்னா மோனியர் வில்லியம்ஸ் அகராதியில பாருங்க, ரெண்டும் நெட்ல சும்மாவே கிடைக்கு. அப்படிப் பாத்தா தான் அனாமிகான்னா பேர் இல்லாதவன்னு தெரியும், த்ரிஷான்னா தாகம்னு தெரியும், அபர்ணான்னா இலை கூடத் தின்னாம தவம் இருந்த பார்வதின்னு தெரியும். தெரிஞ்சு புடிச்சு வச்சா எல்லாமே நல்ல பேரு தான்.

அப்ப தான் எங்க அம்மா சொன்னாவ, "ஏட்டி, பூ எழுத்து தான வேணும், நம்ம சாஸ்தாவுக்குப் பக்கத்துல இருக்கவ பேரு என்ன"ன்னு. பங்குனி உத்திரத்துக்கு வருசா வருசம் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போறோம், சாஸ்தாவுக்கு ரெண்டு பக்கமும் பூரணை, புஷ்கலை உக்காந்திருக்காவ, எங்க யாருக்கும் அது தோணல பாருங்க. பூரணின்னு வச்சோம். நெறைஞ்சவன்னு அர்த்தம். தம்பி பொண்டாட்டிக்கும் ரொம்ப புடிச்சிட்டு, அவ வீட்டுல வடிவு ஆச்சி இருந்தாவ, அதனால வீட்டுல கூப்பிட வடிவு. ரெண்டு பேரு வைக்கது நம்ம பக்கம் பழைய வழக்கம் தான். பேரன்ங்கிற சொல்லே பெயரன், தாத்தா பேர தூக்குறவன்னு வந்தது. மாமனார் பேர மருமக சொல்லக் கூடாது, அப்ப அதே பேர் வச்ச மகன எப்படி அதட்ட முடியும்? அதான் வீட்டுக்குன்னு ராசா, பெரியவன், தங்கம்னு ஒண்ணு இருக்கும். என் தம்பி சர்டிபிகேட் பேர எங்க அம்மா ஒரு தடவை கூட வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல, பேங்க்ல கேட்டா கூட என்னத் தான் சொல்லச் சொல்லுவாவ.

பேரு முடிவாச்சா, அதுக்கப்புறம் பேப்பர் வேல. கடையில தினமும் பாக்கதால சொல்லுதேன், தயவு செஞ்சு கேளுங்க. பிறப்ப 21 நாளுக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரியில பொறந்தா அவங்களே அனுப்பிருவாங்க. ஆனா பேரு அப்பவே குடுக்கணும்னு அவசரம் இல்ல, 12 மாசத்துக்குள்ள காசு இல்லாம ஏத்தலாம், அதுக்கு மேல 15 வருசம் வரைக்கும் 200 ரூபா தாமதக் கட்டணம். அதனால டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவசர அவசரமா ஏதோ ஒரு பேர எழுதிக் குடுக்காதீங்க, ஏத்திட்டா அப்புறம் மாத்தது லேசு இல்ல. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல், லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் தான் மூல ஆதாரம், அதுல இருக்க எழுத்து தான் ஆயுசுக்கும் வரும்.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து ஒண்ண முடிவு பண்ணி பேப்பர்ல எழுதி வையுங்க. பூரணிக்கு யு போடுறதா ரெண்டு ஓ போடுறதான்னு எங்க வீட்டுலயே ஒரு பெரிய வாக்குவாதம், கடைசியில ரெண்டு ஓன்னு முடிவு பண்ணி பேமிலி குரூப்ல பின் பண்ணி வச்சிட்டோம். ழ வர்ற பேரா இருந்தா இன்னும் கவனம், ஒரு இடத்துல இசட்ஹெச், இன்னொரு இடத்துல எல்னு வந்தா ரெண்டு ஆளாயிருவீங்க. நியூமராலஜிக்காக ஒரு எழுத்த சேக்கவங்க எல்லா ஆவணத்துலயும் சேத்தாகணும். ஆதார்ல பேர சாதாரணமா ஆயுசுக்கும் ரெண்டே தடவை தான் மாத்த விடுவாங்க, அத எழுத்துப் பிழைக்கே செலவழிச்சிட்டு அப்புறம் கல்யாணத்துக்கு அப்புறம் மாத்த வழியில்லாம எத்தனையோ பொண்ணுங்க வந்து நிக்காங்க.

இனிஷியலும் பாஸ்போர்ட்டும் நம்ம ஆளுங்களுக்குத் தீராத தலைவலி. நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது, சு. இசக்கிமுத்துன்னு ஒரு எழுத்துல அப்பாவ முன்னாடி நிறுத்திட்டு முடிச்சிருவோம். பாஸ்போர்ட்ல அது எடுபடாது. சர்நேம் கட்டத்த காலியா விட்டு ஒத்தப் பேரா எடுத்தவங்களுக்கு 2022 நவம்பர்ல யுஏஇ-காரங்க விசிட் விசாவுல வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க, பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா விடுவாங்கன்னு பொறவு ஒரு விளக்கம் வந்துச்சு. வளைகுடாவுக்குப் போற ஊரு நம்மது, அந்த மாசம் கடையில எம்புட்டுப் பதட்டம். புதுசா எடுக்கவங்க இனிஷியல விரிச்சு அப்பா பேர முழுசா சர்நேம் கட்டத்துல போடுங்க, அதையே எல்லா டிக்கெட்டுலயும் விசாவுலயும் போடுங்க. அம்மா பேர போடணும்னாலும் போடலாம், ஒண்ணயே கடைசி வரைக்கும் வச்சுக்கணும், அவ்ளோ தான்.

பேர மாத்தியே ஆகணும்னு முடிவு பண்ணவங்க தமிழ்நாடு அரசிதழ்ல வெளியிட்டுத் தான் ஆகணும், எழுதுபொருள் அச்சுத் துறை வெப்சைட்ல பாரம் இருக்கு, அன்னைக்கு என்ன கட்டணம்னு அங்கயே பாத்துக்கோங்க. அரசிதழ் கையில வந்த பொறவு ஆதார், பான், பேங்க்னு வரிசையா மாத்தணும், ஒண்ண விட்டாலும் பின்னால இழுக்கும். அந்த இதழ நாலஞ்சு காப்பி எடுத்து பத்திரமா வையுங்க.

அப்புறம் முக்கியமா ஒண்ணு, வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வச்சிருங்க. "உங்க பேரு என்ன அர்த்தம்"னு கேட்டா தெரியாதும்பாவ, அப்படிக் கேக்காதீங்க. "இந்தப் பேர யாரு வச்சா, எந்தக் கோயிலுக்கு நேந்தாவ, இதே பேர்ல குடும்பத்துல முன்னாடி யாரு இருந்தா, உங்கள வீட்டுல என்னன்னு கூப்பிடுவாவ"ன்னு கேளுங்க, மடை தொறந்த மாதிரி வரும். எங்க அம்மா சொன்னத எல்லாம் தம்பி பொண்டாட்டி போன்ல ரெக்கார்ட் பண்ணி, யாரு பேரு யாருக்கு வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி பூரணியோட பிறப்புச் சான்றிதழ் கவர்லயே வச்சிட்டா. அதுல பிச்சம்மாள் ஆச்சியோட அம்மா பேரு மட்டும் காலியா கிடக்கு, புள்ளைய தவிட்டுக்கு வாங்குனவ அவ தான், அவ பேரு அம்மாவுக்குத் தெரியல. கடையத்துல இருக்க பெரிய சித்தப்பாவுக்குத் தெரியும்ங்காவ, பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வருவாவ, அங்க வச்சு கேக்கணும்.